பத்து சீட்டா, சொந்தச் சின்னமா? மக்களவைத் தேர்தலில் சிறிய கட்சிகளுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

2024 மக்களவைத் தேர்தலில் பாட்டாளி மக்கள் கட்சி பாஜக கூட்டணியில் 10 தொகுதிகளில் நின்றது. தேமுதிக அதிமுக கூட்டணியில் 5 தொகுதிகளில் நின்றது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சி திமுக கூட்டணியில் 2 தொகுதிகளைப் பெற்றுக்கொண்டு பானைச் சின்னத்தில் களம் இறங்கியது. ஜூன் 4 அன்று வாக்கு எண்ணி முடித்தபோது பாமகவும் தேமுதிகவும் ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. சிறுத்தைகள் நின்ற இரண்டிலும் வென்றிருந்தார்கள். சில மாதங்கள் கழித்து அவர்களுக்கு மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமும் கிடைத்தது.

தேர்தல் நெருங்கினால் எந்தச் சிறிய கட்சியின் தொண்டரும் முதலில் கேட்பது “நமக்கு எத்தனை சீட்?” என்றுதான். தொலைக்காட்சி விவாதங்களும் அதையே கேட்கின்றன. ஒற்றை இலக்கமா, இரட்டை இலக்கமா என்பதைக் கட்சியின் மானப் பிரச்சினையாகவே பார்க்கும் பழக்கம் ஊறிவிட்டது. மக்களவைத் தேர்தலைப் பொறுத்தவரை அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. எந்த அணி என்பது முதல் கேள்வி. எந்தச் சின்னம் என்பது இரண்டாவது. இவற்றுக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் இரண்டே இரண்டு தொகுதி போதும். தேர்தல் ஆணையத்தின் விதிகளில் அந்த இரண்டுக்குத் தனி மதிப்பு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிறிய கட்சி என்று நான் இங்கே சொல்வது, ஒரு மக்களவைத் தொகுதியைத் தன் சொந்த வாக்குகளால் மட்டும் வெல்ல முடியாத, திமுக, அதிமுக, தேசியக் கட்சிகள் அல்லாத கட்சிகளை. சிறுத்தைகள், பாமக, மதிமுக, தேமுதிக, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, முஸ்லிம் லீக் என்று பட்டியல் நீளும். இவற்றை ‘உதிரிக் கட்சிகள்’ என்று தள்ளிப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சேரிகளின் பிரச்சினையும் வட மாவட்டத்து விவசாயக் குடும்பங்களின் இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையும் கொங்குப் பகுதியின் தொழில் நெருக்கடியும் டெல்லிக்குப் போய்ச் சேர்வதற்கு இந்தக் கட்சிகள் உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் அவர்கள் எடுக்கும் முடிவுகளைப் பற்றி அக்கறையோடு எழுத வேண்டியிருக்கிறது.

தனியாக நிற்பது

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி என்றால் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சராசரியாக 16 லட்சம் வாக்காளர்கள். சட்டமன்றத் தேர்தலில் ஒரு பகுதியில் குவிந்திருக்கும் செல்வாக்கு ஒரு கட்சியைக் கரை சேர்த்துவிடும். மக்களவையில் அதே செல்வாக்கு மற்ற ஐந்து தொகுதிகளில் கரைந்துபோகும். 2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்ற தேமுதிகவுக்கு விருத்தாசலத்தில் விஜயகாந்த் வென்றார். 2009 மக்களவைத் தேர்தலில் அதே கட்சி 39 தொகுதிகளிலும் தனித்து நின்று மாநிலம் முழுக்கச் சுமார் 10 சதவீத வாக்கு வாங்கியது. வெற்றி எங்கும் இல்லை. எந்தச் சிறிய கட்சியும் கனவு காணக்கூடிய வாக்கு விகிதம் அது. அதற்கே இதுதான் கதி.

இதே பாடத்தை 2014-இல் காங்கிரசும் இடதுசாரிகளும் படித்தார்கள். காங்கிரஸ் தனித்து நின்று ஏறக்குறைய 4 சதவீத வாக்கோடு முடிந்தது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து நின்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 2019-இல், திமுக அணிக்குள் வந்ததும் காங்கிரஸ் 9-இல் 8 இடம் வென்றது. இடதுசாரிகள் 4-இல் 4 வென்றார்கள். இடையில் அந்தக் கட்சிகளின் அடித்தளம் அந்த அளவுக்கு வளர்ந்துவிடவில்லை. நின்ற இடம்தான் மாறியது.

அப்படியானால் தனியாக நிற்பதால் பயனே இல்லையா? இருக்கிறது. அது இரண்டு வகையாக வரும்.

ஒன்று, நாம் தமிழர் கட்சி போன வழி. 2016 சட்டமன்றத் தேர்தலில் சுமார் 1 சதவீதம், 2019-இல் 4 சதவீதத்தை ஒட்டி, 2021-இல் ஆறரைச் சதவீதம், 2024-இல் 8 சதவீதத்துக்கு மேல். எந்தத் தொகுதியும் வெல்லாமலே, 8 சதவீத வாக்கு என்ற விதிப்படி, மாநிலக் கட்சி அங்கீகாரத்தை எட்டினார்கள். அதற்கு எத்தனை ஆயிரம் இளைஞர்களின் உழைப்பு போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் மரியாதை வருகிறது. ஆனால் இந்த வழியில் போக, தோல்வியைத் தோல்வியாகவே எண்ணாத ஒரு தொண்டர் படை வேண்டும். கட்டுத்தொகை திரும்பப் பெற, பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். 8 சதவீதம் வாங்கும் கட்சிக்கு அது கிட்டாது. பொதுப்பிரிவு வேட்பாளருக்கு 25,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 12,500 என்று 39 பேருக்குக் கட்டினால் ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய். தேர்தல் செலவில் இது மிகச் சிறிய பகுதிதான். ஒவ்வொரு முறையும் ‘டெபாசிட் காலி’ என்ற செய்தியோடு வாக்குச்சாவடி முகவரை அடுத்த தேர்தலுக்கு மறுபடி அழைத்து வருவதுதான் பெரிய செலவு.

இன்னொன்று தேமுதிக போன வழி. தனித்து நின்று பலத்தைக் காட்டிவிட்டு, அதை அடுத்த சட்டமன்றத் தேர்தலில் பேரமாக மாற்றுவது. 2009-இல் காட்டிய 10 சதவீதத்தை வைத்து 2011-இல் அதிமுக கூட்டணியில் 41 இடம் வாங்கினார்கள், 29 வென்றார்கள், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். மக்களவையில் கிடைத்த பூஜ்யம் வீண் போகவில்லை. ஆனால் அந்தப் பலத்தை 2016-இல், திமுக, அதிமுக இரண்டையும் எதிர்த்து நின்ற மக்கள் நலக் கூட்டணியில் வைத்துப் பார்த்தபோது கட்சியின் வாக்கு 2.4 சதவீதமாகச் சுருங்கியது. காட்டிய பலத்துக்கு ஆயுள் குறைவு. ஐந்தாண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது பழங்கதை ஆகிவிடும்.

மூன்றாவது அணி

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1996-இல் மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ் திமுகவோடு சேர்ந்து சைக்கிள் சின்னத்தில் 20 மக்களவைத் தொகுதிகளை வென்றது. 1999-இல் அதே கட்சி, அதே சின்னம், அதே தலைவர். இரண்டு பெரிய அணிகளையும் விட்டு விலகி மூன்றாவது அணியாக நின்றார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. 2014-இல் பாஜக, தேமுதிக, பாமக, மதிமுக சேர்ந்த அணி 18 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியது. கன்னியாகுமரியில் பொன். ராதாகிருஷ்ணனும் தருமபுரியில் அன்புமணியும் வென்றார்கள். தேமுதிக அந்த அணியில் 14 தொகுதிகளில் நின்று எதிலும் வெல்லவில்லை. மூன்றாவது அணி பலன் தருவது, ஏற்கெனவே ஒரு தொகுதியில் வேர் ஊன்றிய கட்சிக்கு மட்டும்தான். அதற்கும் ஓரிரண்டு இடத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

எந்தப் பெரிய அணி?

தமிழ்நாட்டு மக்களவைத் தேர்தல்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். இங்கே இடங்கள் பங்கு பிரிவதில்லை, அடித்துக்கொண்டு போகின்றன. 1971-இல் திமுக, இந்திரா காங்கிரஸ் அணிக்கு 38. நாகர்கோவிலில் காமராசர் மட்டும் எதிரணியில் மிஞ்சினார். 1980-இல் 37, 1984-இல் 37. 1991, 1996, 2004, 2024 ஆகிய நான்கு தேர்தல்களில் முழுசாக 39. 2014-இல் அதிமுக தனியாகவே 37. 2019-இல் திமுக அணிக்கு 38. கொஞ்சமாவது பங்கு பிரிந்தது என்றால் 1998, 1999, 2009 என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வெல்லும் அணியில் ஒரு தொகுதி என்றால் அது பெரும்பாலும் ஒரு எம்.பி. தோற்கும் அணியில் பத்துத் தொகுதி என்றால் அது பெரும்பாலும் பூஜ்யம். இந்த உண்மையைப் பாமக அளவுக்கு அனுபவித்த கட்சி வேறு இல்லை. 1998-இல் அதிமுகவோடு நின்று 4, 1999-இல் திமுக, பாஜக அணியில் 5, 2004-இல் திமுக, காங்கிரஸ் அணியில் 5, அதோடு புதுச்சேரி. மூன்று முறையும் மத்திய அமைச்சரவையில் இடம். 2004-க்குப் பிறகு அன்புமணி சுகாதார அமைச்சராக இருந்து செய்த பணிகளை எதிரணியினரும் மறுக்க மாட்டார்கள். 2009-இல் அணி மாறினார்கள், எல்லாத் தொகுதியும் போனது. 2019-இல் அதிமுக அணியில் 7, எல்லாம் போனது. 2024-இல் 10, எல்லாம் போனது. சின்னம் மட்டும் அதே மாம்பழம்தான்.

வெல்லப்போகும் அணி எது என்று முன்கூட்டியே தெரியுமா என்று கேட்கலாம். உறுதியாகத் தெரியாது. மாநிலத்தில் யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. 1989 ஜனவரியில் சட்டமன்றத்தை வென்ற திமுக அதே ஆண்டின் கடைசியில் மக்களவையில் ஒரு இடமும் பெறவில்லை. ஆனால் ஒரு அடையாளம் உண்டு. எந்த அணி கலையாமல் இருக்கிறது, எந்த அணி உடைந்திருக்கிறது என்பதுதான் அது. 2024-இல் திமுக அணி முந்தைய தேர்தலில் இருந்த உருவம் ஏறக்குறைய மாறாமல் நின்றது. எதிரில் அதிமுகவும் பாஜகவும் பிரிந்து நின்றார்கள். அந்தப் பிரிவின் விலையைக் கொடுத்தவர்கள் சிறிய கட்சிகள்தான். தருமபுரியில் பாமகவின் சௌமியா அன்புமணி சுமார் 21,000 வாக்குகளில் தோற்றார். அங்கே தனியாக நின்ற அதிமுக வாங்கியது 2.9 லட்சம். விருதுநகரில் தேமுதிகவின் விஜய பிரபாகரன் 4,379 வாக்குகளில் தோற்றார். அங்கே பாஜக வாங்கியது 1.6 லட்சத்துக்கு மேல். இரண்டு கட்சியின் வாக்கு அப்படியே ஒன்றாகச் சேர்ந்துவிடாது என்பது சரி. ஆனாலும் 4,379-ஐ அடைக்க எவ்வளவு வேண்டும்?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கட்சிக்கும் எல்லா அணியின் கதவும் திறந்திருப்பதில்லை. சிறுத்தைகள் பாஜக இருக்கும் அணிக்குப் போக முடியாது, முஸ்லிம் லீகும் முடியாது. பாமக விரும்பினாலும் சிறுத்தைகள் உறுதியாக இருக்கும் அணியில் அதற்கு இடம் கிடைப்பது கடினம். கொள்கை வழிகளைச் சுருக்கிவிடுகிறது. சுருக்கத்தான் வேண்டும். அதைக் கணக்கில் எடுக்காமல் ‘ஜெயிக்கிற பக்கம் போ’ என்று மட்டும் அறிவுரை சொன்னால், எதற்காகக் கட்சி தொடங்கினார்களோ அதையே விட்டுவிடச் சொல்வதாகிவிடும்.

பெரிய கட்சியின் சின்னம்

அணியைத் தேர்ந்த பிறகு வருவது சின்னம். இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெரிய கட்சி எப்போதும் சொல்வது ஒன்றுதான்: “உதயசூரியனில் நில்லுங்கள், எளிதாக ஜெயித்துவிடலாம்” அல்லது “இரட்டை இலையில் நில்லுங்கள்.” அதில் உண்மை இல்லாமல் இல்லை. கிராமத்தில் வயதானவர்கள் வேட்பாளர் பெயரைக்கூடக் கேட்பதில்லை, ‘சூரியனுக்கா, இலைக்கா’ என்றுதான் கேட்கிறார்கள். வாக்கு எந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில் வருவார்கள். அங்கீகாரம் இல்லாத பதிவு பெற்ற கட்சிகள் அதற்குக் கீழே, சுயேச்சைகள் அதற்கும் கீழே. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னம் பெரும்பாலும் உறுதியாவது, வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில்தான். 2024-இல் அது மார்ச் 30. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் 16 லட்சம் பேரிடம் ஒரு புதுச் சின்னத்தைக் கொண்டுபோக வேண்டும், சுவர் எழுத வேண்டும், நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

2019-இல் திமுக அணியில் நான்கு சிறிய கட்சி வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றார்கள். ஈரோட்டில் மதிமுக, விழுப்புரத்தில் சிறுத்தைகள், நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சி. நால்வரும் வென்றார்கள். ஆனால் மக்களவைப் பதிவேட்டில் அந்த நால்வரும் திமுக உறுப்பினர்கள். கட்சித் தாவல் தடைச் சட்டப்படி அவர்களைக் கட்டுப்படுத்துவது திமுக கொறடாவின் உத்தரவு. மீறி வாக்களித்தால் பதவியே போகும். அவர்கள் வாங்கிய லட்சக்கணக்கான வாக்குகள் தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் திமுக கணக்கில் ஏறின. சொந்தக் கட்சி அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வாக்கில் ஒன்றைக்கூடக் காட்ட முடியாது.

ஒரு கட்சி இப்படி இரண்டு, மூன்று தேர்தல் போனால் அதன் தொண்டருக்கே சொந்தச் சின்னம் மறந்துபோகும். வீட்டுப் பிள்ளைகள் சூரியனுக்கு ஓட்டுக் கேட்டுத்தான் வளர்வார்கள்.

பணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மக்களவைத் தொகுதிக்கு வேட்பாளர் செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். சிறிய கட்சியிடம் அது இருக்காது. அணித் தலைமைதான் தாங்குகிறது. 2019-இல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து 25 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்துக்குக் கணக்குக் காட்டியது. அந்தக் கட்சிகள் கதிர் அரிவாளிலும் அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்திலும்தான் நின்றன. பணம் வாங்கினால் சின்னத்தையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு அதுவே சான்று.

அதே அணியில் சொந்தச் சின்னம்

சொந்தச் சின்னத்தின் விலை என்ன என்பதை 2019 தேர்தல் ஏறக்குறைய ஒரு சோதனைபோலக் காட்டியது. சிறுத்தைகளுக்கு இரண்டு தொகுதி, இரண்டுமே தனித்தொகுதி. சிதம்பரத்தில் திருமாவளவன் பானையில் நின்றார். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். விழுப்புரத்தில் வித்தியாசம் 1.28 லட்சம். சிதம்பரத்தில் கடைசிச் சுற்று வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்து 3,219 வாக்கில் வென்றார்கள். வேறுபாடு முழுவதும் சின்னத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. அந்தத் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் சாதி மோதல் வாக்குப்பதிவு நாளில் பொன்பரப்பியில் வன்முறையாகவே வெடித்தது. ஆனாலும் சின்னத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை மறுக்க முடியாது.

2024-இல் சிறுத்தைகள் அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள். விழுப்புரமும் பானைக்கு மாறியது. வித்தியாசம் 1.28 லட்சத்திலிருந்து சுமார் 70,000 ஆகக் குறைந்தது. சிதம்பரத்தில் மாறாக 1.03 லட்சமாக உயர்ந்தது. மக்களவைத் தேர்தலில் பானை இரண்டாவது முறையாக அந்த மக்களிடம் போனபோது அது அறிமுகமான சின்னம். வெற்றி வித்தியாசத்தில் 50,000-க்கு மேல் குறைவதால் எம்.பி. பதவிக்கு ஒன்றும் ஆவதில்லை. சொந்தச் சின்னத்தில் இரண்டு எம்.பி. வென்றதால் நடந்தது வேறு.

ஒரு மாநிலத்துக்குரிய மக்களவை இடங்களில் ஒவ்வொரு 25-க்கும், மிச்சமிருக்கும் பகுதிக்கும், ஓர் உறுப்பினர் வீதம் வென்ற கட்சி மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெறலாம் என்பது விதி. தமிழ்நாட்டின் 39 இடங்களுக்கு அது இரண்டு. 2019-இலும் சிறுத்தைகளுக்கு இரண்டு எம்.பி.க்கள் இருந்தார்கள். ஆனால் சூரியனில் வென்றவர் ஏட்டில் திமுக. அதனால் ஒன்று குறைந்தது. 2024-இல் இரண்டும் பானை. 2025-இன் தொடக்கத்தில் அங்கீகாரம் வந்தது. பானை அவர்களுக்கே நிலைத்தது. இனி ஒவ்வொரு தேர்தலிலும் நீதிமன்றத்துக்கும் ஆணையத்துக்கும் அலைய வேண்டியதில்லை. வேட்புமனுவுக்குப் பத்து முன்மொழிவோர் தேவையில்லை, ஒருவர் போதும். நட்சத்திரப் பேச்சாளர் எண்ணிக்கை 20-லிருந்து 40 ஆகிறது. வாக்கு எந்திரத்தில் மேல் வரிசைக்குப் போகிறது பெயர். கால் நூற்றாண்டாகத் தேர்தல் களத்தில் அலைந்த ஒரு கட்சி, ஒரே ஒரு தொகுதியில் சின்னத்தை மாற்றியதால் இதைப் பெற்றது. தமிழ்நாட்டு அரசியலில் அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவுகளில் ஒன்று இது என்பேன்.

மதிமுகவின் கதை இதன் மறுபக்கம். 2021 சட்டமன்றத் தேர்தலில் சிறுத்தைகளுக்கும் 6, மதிமுகவுக்கும் 6. சிறுத்தைகள் பானையில் நின்று 4 வென்றார்கள். மதிமுக உதயசூரியனில் நின்று 4 வென்றது. எண்ணிக்கை ஒன்றுதான். சட்டமன்றத்தில் சிறுத்தைகளுக்கு ஒரு கட்சிக் குழு இருந்தது, மதிமுகவின் நால்வரும் ஏட்டில் திமுகவினர். 2024-இல் மதிமுகவுக்குத் திருச்சி என்ற ஒரே தொகுதி. சொந்தச் சின்னத்தில்தான் நிற்பேன் என்று துரை வைகோ பிடிவாதமாக இருந்தார். கட்சியின் பழைய சின்னமான பம்பரம் கேட்டார்கள். குறைந்தது இரண்டு மக்களவைத் தொகுதிகளில் போட்டியிடும் கட்சிக்குத்தான் பொதுச் சின்னம், அதாவது அதன் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே சின்னம், தர முடியும் என்றது ஆணையம். கிடைத்தது தீப்பெட்டி. மூன்று வாரத்துக்கும் குறைவான நேரத்தில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு 3.13 லட்சம் வித்தியாசத்தில் வென்றார். புதுச் சின்னம் என்றால் தோற்றுவிடுவோம் என்ற பயத்துக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை. அணி உறுதியாக இருந்தால், தோழமைக் கட்சியின் வாக்குச்சாவடி முகவர்கள் மனம் ஒப்பி வேலை செய்தால், சின்னம் எதுவாக இருந்தாலும் மக்கள் தேடிக் கண்டுபிடித்துப் போடுகிறார்கள்.

ஆக, பொதுச் சின்னம் கேட்கவும் இரண்டு தொகுதி வேண்டும், அங்கீகாரம் பெறவும் இரண்டு வெற்றி வேண்டும். ஒரு தொகுதிக்கும் இரண்டு தொகுதிக்கும் உள்ள தூரம், இரண்டுக்கும் பத்துக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது.

மாநிலங்களவை என்ற சமாதானம்

கடைசியாக ஒரு வழி உண்டு. மக்களவைத் தொகுதியைக் குறைத்துக்கொண்டு, அல்லது முற்றிலும் விட்டுக்கொடுத்து, மாநிலங்களவை இடம் வாங்குவது. 2019-இல் திமுக ஆதரவில் வைகோவும் அதிமுக ஆதரவில் அன்புமணியும் அப்படிப் போனார்கள். 2024-இல் மக்கள் நீதி மய்யம் ஒரு தொகுதியிலும் நிற்காமல் திமுக அணிக்குப் பிரச்சாரம் செய்தது. 2025-இல் கமல்ஹாசன் மாநிலங்களவைக்குப் போனார். தேர்தல் செலவில்லை, தோல்வி பயமில்லை, ஆறு ஆண்டு பதவி. தலைவர் நல்ல பேச்சாளராக இருந்தால் அவருடைய குரல் டெல்லியில் ஒலிக்கும்.

இதில் இரண்டு குறை. ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடக்கும்போது ஒரு உறுப்பினருக்கு 34 சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கு வேண்டும். அந்த 34-ம் பெரிய கட்சியின் கையில். மக்களவைத் தேர்தலின்போது கொடுத்த வாக்கை எப்போது நிறைவேற்றுவது என்பதும் அவர்கள் கையில். தேமுதிக 2025-லேயே இடத்தை எதிர்பார்த்தது. 2026-இல் தருவதாக அதிமுக அந்த ஜூனில் அறிவித்தது. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மாநிலங்களவை இடம் தலைவருக்குப் போகும், தொண்டருக்கு வேலை இருக்காது. ஒரு மக்களவைத் தொகுதியில் நின்றால் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பூத் கமிட்டி உயிர் பெறும், கொடி ஏறும், புது முகங்கள் வருவார்கள். மாநிலங்களவை அவற்றில் எதையும் தராது. மக்களவைத் தொகுதியோடு கூடுதலாகக் கிடைத்தால் மகிழ்ச்சியாக வாங்கலாம். அதற்குப் பதிலாக வாங்குவது கட்சியைச் சுருக்கும்.

முடிவு எடுப்பவர்களுக்கு

வலுவான, கலையாத ஓர் அணி. அதற்குள் இரண்டு தொகுதி, இரண்டும் சொந்தச் சின்னத்தில். மூன்றாவது தொகுதி தருகிறோம், ஆனால் எங்கள் சின்னத்தில் நில்லுங்கள் என்று பெரிய கட்சி சொன்னால், முதல் இரண்டையும் பத்திரப்படுத்திய பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு தொகுதிதான் என்றால் திருச்சியில் நடந்ததுபோல கிடைக்கிற சின்னத்தில் நிற்பது மேல். முஸ்லிம் லீகுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கேரளத்தில் அங்கீகாரம் இருப்பதால் இராமநாதபுரத்தில் ஒரே தொகுதியில் நின்றும் அதன் ஏணிச் சின்னம் கிடைக்கிறது. நாமக்கல்லில் 2019-லும் 2024-லும் உதயசூரியனில் வென்ற கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்குத்தான் இந்த முடிவு உண்மையிலேயே கடினம். ஒரே மண்டலத்துக் கட்சிக்கு இரண்டாவது தொகுதி கேட்டு வாங்குவது எளிதல்ல. ஆனால் இரண்டு தேர்தல்களில் வென்றும் ஏட்டில் ஒரு வாக்கும் சேரவில்லை என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். வெல்ல வாய்ப்புள்ள அணியின் கதவு கொள்கையால் மூடியிருக்கும் கட்சி, பத்து சீட்டு வாங்குவதைவிட, தனக்கு வேர் உள்ள இரண்டு, மூன்று தொகுதிகளில் ஆட்களையும் பணத்தையும் குவிப்பது நல்லது. தருமபுரியின் 21,000 வாக்கு வித்தியாசத்தை, மற்ற ஒன்பது தொகுதிகளில் செலவழித்த உழைப்பில் ஒரு பகுதி அடைத்திருக்கக்கூடும்.

அப்புறம் நாட்கள். பொதுச் சின்னத்துக்கான விண்ணப்பத்தை மக்களவையின் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். முதலில் வருபவருக்கே முதலில். நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயி சின்னத்தை இழந்து மைக்குக்கு மாறியது இதனால்தான். இன்னொரு கட்சி 2023 டிசம்பரிலேயே கேட்டுவிட்டது, இவர்கள் கேட்டது 2024 பிப்ரவரியில். நீதிமன்றம் போயும் பயன் இல்லை. இப்போதைய மக்களவை முதலில் கூடியது 2024 ஜூன் 24. முழுக் காலமும் ஓடினால் 2028 டிசம்பர் கடைசி வாரத்தில் விண்ணப்பத்துக்கான கதவு திறக்கும். தொகுதிப் பங்கீட்டுக் குழுவுக்கு ஆள் போடுவதற்கு முன்னால், அந்த வாரத்தில் டெல்லிக்கு யார் போவது என்பதைச் சிறிய கட்சிகள் முடிவு செய்துகொள்ளட்டும்.